மக்ரோனி ட்ரேயோட கடலுக்கு முன்னால ஓடின கதை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். பேக்கரிப் போறணையில வேகுற ட்ரேயை எடுத்து, கடக்கரையில காத்திருக்கிற ரெண்டு கூட்டாளிமாருக்கிட்டக் கொண்டுபோகணும். போய் மூண்டு பேரும் குந்தியிருந்து திங்கணும்.

கல்முனைக்குடியில பேக்கரியில இருந்து கடக்கரைக்கு நடந்தாக் கால் மணித்தியாலம். சைக்கிள்ல போனா அதுவும் இல்ல. இதுக்குள்ள என்ன பிழைக்கப் போகுது எண்டு கேப்பீங்க.

நானும் அப்பிடித்தான் நினைச்சன்!

சண்டை முடிஞ்ச வருசம் அது. நான் கத்தார்ல இருந்து லீவுல வந்திருந்தன். சுனாமி அலையில வீடு போன பொறகு போனவன், அஞ்சு வருசமா தோஹாவுல ஒரு பெரிய ஹோட்டல் குசினியில வேலை. "என்ன வேலை?" எண்டு ஊர்ல கேட்ட அத்தனை பேருக்கும் "குக்" எண்டுதான் சொல்லி வைச்சிருந்தன்.

பொய்.

நான் சட்டி கழுவினவன். குக்குக்கு மூண்டடி தள்ளி, பைப்படியில நிண்டு கழுவினவன். மூண்டடி வித்தியாசத்துக்கெல்லாம் ஊர்ச் சனத்துக்கு விளக்கம் குடுக்கணுமா எண்டு நினைச்சு குக் எண்டே உட்டுட்டன்.

இந்தப் பொய்யால ஒரு கரைச்சலும் வரல்ல, நசார் வாயைத் திறக்கிற மட்டும்.

நசார் என்ட பள்ளிக்கூடக் கூட்டாளி. மெயின் ரோட்டுல புதுசா சாப்பாட்டுக்கடை ஒண்டு கட்டி முடிச்சிருந்தான். ஒரு நாள் வந்து கேட்டான்: "மச்சான், நீ கத்தார்ல குக்குத்தானே. ஏதாவது அரபிச் சாப்பாடு ஒண்டு செஞ்சு தா பாப்பம். சரிவந்தா கடையில உன்னையே போடுறன்."

இதை உட எனக்கு ஏலாது. ஏனெண்டா முந்தின லீவுல உண்டாகி, என்ட பொண்டாட்டி ஹசீனாக்கு அப்ப ஏழு மாசம். எனக்கு லீவு முடிய ரெண்டு கிழமைதான் இருந்திச்சு. அவ போகாதீங்க எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல, என்ட பேக்கை மட்டும் எடுத்து எடுத்து அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சு வைப்பா. எனக்கும் போக விருப்பமில்ல. புள்ள பொறந்து அதுட முகத்தை ஃபோன்ல பாக்கிற வாப்பாவா இருக்க எனக்கு ஏலாது.

நசார் வேலை தந்தா ஊர்ல நிப்பன். தராட்டி பிளேன் ஏறுவன். அவ்வளவுதான் கணக்கு.

"ஓம் மச்சான், பெஷமல் செய்றன்!" எண்டு சொல்லிட்டன்.

பெஷமல் எண்டா என்னெண்டு தெரியாதவங்களுக்குச் சொல்றன். அவிச்ச மக்ரோனி ஒரு அடுக்கு, அரைச்ச மாட்டிறைச்சி ஒரு அடுக்கு, மறுகா மக்ரோனி, அதுக்கு மேல பாலும் மாவும் பட்டரும் சேத்துக் காய்ச்சின வெள்ளைக் குழம்பு, எல்லாத்துக்கும் மேல சீஸ். அப்பிடியே போறணைக்குள்ள தள்ளி, மேல்பக்கம் சிவக்கிற மட்டும் வேக உடுறது. அரபிமார் இதுக்கு உசிரை உடுவாங்க.

நான் அஞ்சு வருசமா அந்த ட்ரேக்கு அடியில ஒட்டினதைச் சுரண்டினவன். பெஷமல்ட அடியில என்ன இருக்கும் எண்டு என்னைப் போல வேற ஆருக்கும் தெரியா. மேல என்ன இருக்கும் எண்டதுதான் கொஞ்சம் குத்துமதிப்பு.

ஒரு மாதிரிக் கிண்டிக் கிளறி, முழ நீளமான அலுமினிய ட்ரே ஒண்டுல அடுக்கி முடிச்சன். ஹசீனா கதவுல சாய்ஞ்சு நிண்டு பாத்துக்கொண்டே இருந்தா.

"உப்புப் பாத்தீங்களா?"

"குக்குமார் உப்புப் பாக்கிறல்ல புள்ள. கை அளவுதான்."

அவ என்ட மூஞ்சைப் பாத்தா. பொறகு என்ட கையைப் பாத்தா.

வீட்டுல போறணை ஏது? பகல் பாண் எடுத்த பொறகு பேக்கரிப் போறணை சும்மாதானே கிடக்கும் எண்டு இப்றாஹீம் காக்காட பேக்கரிக்குக் கொண்டு போனன்.

"காக்கா, மேல சிவந்ததும் எடுத்துருங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

"நீ எனக்குச் சொல்லித் தாறியா மகன்? நீ பொறக்க முந்தி நான் போறணைக்கு முன்னால நிக்கிறன்."

சரி எண்டு உட்டுட்டு, குளிச்சு, சேட்டு மாத்தி, ஒரு மணித்தியாலத்தால திரும்பிப் போனன். ட்ரே மேசையில இருந்திச்சு. நல்ல சிவப்பு. ஆனா கண்ணாடி மாதிரி மினுங்குது!

"என்ன காக்கா இது மினுங்குது?"

"வெளிறிப் போய்க் கிடந்திச்சு மகன். பாக்கவே மனமில்ல. பணிசுக்குத் தடவுற சீனிப்பாகு மிச்சமிருந்திச்சு, ரெண்டு தரம் தடவி உட்டன். வட்டிலப்பம்தானே?"

"காக்கா, அது இறைச்சி!"

மனுசன் தலையைச் சொறிஞ்சார். "அப்ப ஏன் மகன் இறைச்சிக்கு மேல இவ்வளவு பாலை ஊத்தினாய்?"

வழிச்சு எடுப்பம் எண்டா சீசும் சேர்ந்து வருது. கடக்கரையில நசார் காத்துக்கொண்டிருக்கான். நான் ட்ரேயை வெள்ளித்தாளால மூடினன். அரபிமாருக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் இனிப்பு வேணும் எண்டு சொல்லிச் சமாளிப்பம் எண்டு முடிவெடுத்தன்.

சூடு ஆறாம இருக்கவும் கை பொசுங்காம இருக்கவும் ஹசீனா ஒரு துவாய் தந்து உட்டிருந்தா. புள்ளைக்கெண்டு நான் தோஹாவுல வாங்கிக்கொண்டு வந்தது. மஞ்சள் நிறம், தாராக்குஞ்சுப் படம் போட்டது. வேற பெரிய துவாய் ஒண்டும் காயல்லயாம். ட்ரேயை அதுக்குள்ள நல்லாச் சுத்தி, சைக்கிள் கரியர்ல கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்.

சண்டை முடிஞ்சாலும் சந்தியில ஆமிக்காரர் முடியல்ல. ஒருத்தர் கையைக் காட்டி மறிச்சார்.

"மொகத்த மே?" என்ன இது எண்டு கேக்கிறார்.

எனக்குத் தெரிஞ்ச சிங்களம் ரெண்டு மூண்டு சொல்லுத்தான். "கேம சேர், கேம! சாப்பாடு!"

அவர் பொட்டளியைத் தொட்டுப் பாத்தார். கையை வெடுக்கெண்டு இழுத்தார். இவ்வளவு சூடா ஒரு சாமான் துவாய்க்குள்ள சுத்தி வந்தா எந்த ஆமிக்காரருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்! அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தன். வெள்ளித்தாளை ஒரு மூலையில கிழிச்சு மூக்கைக் கிட்டக் கொண்டு போனார். ஆவி முகத்துல அடிச்சிது. இன்னொரு ஆமிக்காரரைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்து, இது கேக்கா புடிங்கா எண்டு அவங்கட பாசையில நல்லா நேரமெடுத்துக் கதைச்சாங்க. கடைசியில சிரிச்சிட்டு "யன்ன, யன்ன" எண்டு போகச் சொன்னாங்க.

நான் கடக்கரைக்குப் போய்ச் சேரவும் அசர் பாங்கு சொல்லவும் சரியா இருந்திச்சு.

எங்கட ஆக்கள் அலைக்குப் பொறகு கன காலம் கடக்கரையில குந்தவே இல்ல. எங்க மூண்டு பேருக்கும் வீட்டுக்கு ஒரு ஆளாவது அண்டைக்குப் போனது. இதை நான் பகிடிக்குச் சொல்லல்ல. அந்த வருசம்தான் சனம் மெல்ல மெல்லப் புள்ளைகளோட வந்து குந்தத் தொடங்கினது. கடலை விக்கிறவனும் திரும்பி வந்துட்டான்.

ஆனாலும் ஒருத்தரும் முழுசா நம்பி இருக்கல்ல. நசாரைப் பாத்தாலே தெரியும். கடலுக்கு முதுகு காட்டி இருக்கவே மாட்டான். மோட்டச் சைக்கிளை ரோட்டுப் பக்கம் முகம் வைச்சு நிப்பாட்டுவான். சாவியைக் கழட்டவும் மாட்டான். "கடல் வந்தா, ஒரு உதை, ரோட்டுல நிப்பன்" எண்டு அஞ்சு வருசமாச் சொல்லிக்கொண்டே இருக்கான்.

"எங்கடா லேட்டு? பசி உசிர் போகுது!" எண்டான் நசார்.

"சுடச்சுடக் கொண்டு வந்திருக்கன் மச்சான். உக்காரு!"

அதுக்குள்ள மற்றக் கூட்டாளி ஜெமீல் எழும்பிட்டான். எங்கள்ல கொஞ்சம் மார்க்கப் பேணுதலானவன் அவன்தான். "பாங்கு சொல்லிட்டாங்க. தொழுதிட்டுத் தின்னுவம். அதுக்குள்ள சூடும் ஆறும்."

நசார்ட மூஞ்சு போச்சு. சாப்பாடு பிந்துது எண்டு இல்ல. எங்கட கரையில தொழ நிண்டா முகம் ரோட்டுக்கு, முதுகு கடலுக்கு. கிப்லா அந்தப் பக்கம்தான், ஒண்டும் செய்ய ஏலாது. அவன் ரெண்டு தரம் திரும்பிக் கடலைப் பாத்திட்டு, வாயுக்குள்ள ஏதோ ஓதிக்கொண்டு வந்து நிண்டான்.

நான் ட்ரேயை மண் படாம எங்களுக்குப் பின்னால கவிழ்ந்து கிடந்த தோணியொண்டுக்கு மேல வைச்சன். துவாயைக் கொஞ்சம் தளர்த்தியும் உட்டன், ஆறட்டும் எண்டு.

கடைசி இருப்புல இருக்கிறம். பின்னால ஏதோ மூச்சு விடுற சத்தம். நக்குற சத்தம். தொழுகைக்குள்ள திரும்பிப் பாக்க ஏலாதே!

திடீரெண்டு ஒரு கத்தல். "ம்ம்மாஆஆ!"

பெரிய சிவத்தப் பசு ஒண்டு எங்கட தோளை உரசிக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, ஜெமீலுக்கு முன்னால பாய்ஞ்சு ரோட்டுப் பக்கம் பறக்குது. தொழுறவனுக்கு முன்னால போறது பாவம் எண்டு மாட்டுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? அதுக்குப் பின்னால மாட்டுக்காரர் அலியார் காக்கா. சாரத்தை மடிச்சுக் கட்டினபடி, வாயில நுரை தள்ள ஓடுறார்.

இப்ப நீங்க ஒண்டை விளங்கிக்கொள்ளணும். அலை வந்த அண்டைக்கு ஆடு மாடெல்லாம் முதல்லயே கரையை உட்டு ஓடினது எண்டு எங்கட ஊர்ல எல்லாருக்கும் பாடம். மாடு அறிஞ்ச பொறகுதான் மனுசன் அறிவான். அப்ப, கடக்கரையில இருந்து ஒரு மாடு வாலைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள்ள ஓடுது, அதுட சொந்தக்காரனும் ஓடுறான் எண்டா அதுக்கு என்ன கருத்து?

கடலைக்காரன்தான் முதல்ல கத்தினான். "கடல் வருதூ!"

அல்லாஹ்வே! அதுக்குப் பொறகு கடக்கரையில ஒரு மனுசன் குந்தியிருக்கல்ல.

ஜெமீல் ஸலாம் குடுத்த வேகத்துல எழும்பிப் பாய்ஞ்சான். நசார் அவனுக்கு முன்னால. அஞ்சு வருசமா சாவி போட்டு வைச்சிருந்த மோட்டச் சைக்கிள் பக்கத்துலதான் நிண்டது. அவன் அதைத் தாண்டிப் போனான். திரும்பியும் பாக்கல்ல!

நான் என்ன செஞ்சன் தெரியுமா? செருப்பை உட்டன். சைக்கிளை உட்டன். தோணிக்கிட்ட ஓடிப் போய், கடல் பக்கமா ரெண்டடி கிட்டப் போய், ட்ரேயைத் துவாயோட வாரிச் சுருட்டி நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ஓடினன்.

ஏன் அதைத் தூக்கினன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா. ஹசீனாட முகம்தான் மனசுல நிண்டது. அந்த ட்ரே போனா நான் கத்தார் போகணும் எண்டு எங்கேயோ ஒரு மூலையில மூளை கணக்குப் போட்டிருக்கு. கடல் வந்தா கத்தாரும் இல்ல, கடையும் இல்ல எண்டது மூளைக்கு எட்டல்ல.

ஊர்ச் சனமெல்லாம் ரோட்டுல. எனக்குப் பக்கத்துல ஓடின ராத்தா ஒருத்தி மூச்சு வாங்க வாங்கக் கேட்டா: "தம்பி, என்ன அது, புள்ளயா?"

இல்ல, மக்ரோனி எண்டு சொல்ல எனக்கு மூச்சுக் காணாது. "ஓம்" எண்டுட்டன். ஓம் சொல்லத்தான் காத்து கொஞ்சமாத் தேவைப்பட்டிச்சு.

"புள்ளையோட வாறான்! வழி உடுங்க! வழி உடுங்க!" எண்டு அவ போட்ட சத்தத்துல சனம் ரெண்டாப் பிளந்துட்டுது. கிழவன்மார் ஒதுங்கி நிக்கிறாங்க. ஒருத்தர் என்ட முதுகைப் புடிச்சுத் தள்ளி உடுறார். பள்ளிவாசலுக்குப் பக்கத்துல இருக்கிற மதரசாக் கட்டிடத்துட மேல்மாடிக்கு முதல்ல ஏறினவன் நான். வெக்கத்தோடதான் சொல்றன்.

மேல போய்ச் சுவரோட சாய்ஞ்சு குந்தினன். ராத்தா பின்னாலேயே வந்துட்டா. துவாய்க்கு மேல கையை வைச்சா.

"யா அல்லாஹ்! புள்ளைக்கு நெருப்பாக் காய்ச்சல்! கொதிக்குது!"

"ராத்தா, அது..."

"கதைக்காத! இப்பிடிக் காய்ச்சலோட புள்ளையைக் கடக்கரைக்குக் கொண்டு வருவாங்களா? வாப்பாவாடா நீ? தண்ணி கொண்டாங்க ஆராவது!"

அவ பக்கத்துல குந்தி, துவாயில கையை வைச்சபடி யாசீன் ஓதத் தொடங்கிட்டா. சுத்தி நிண்ட பொண்டுகள் அழுறாங்க. ஒருத்தி "பால் குடிச்சதா?" எண்டு கேக்கிறா. பாலும் இருக்கு, மாவும் இருக்கு, பட்டரும் இருக்கு.

அப்பதான் நசாரும் ஜெமீலும் ஏறி வந்தாங்க. கடல் தென்னை மரங்களுக்கு அங்கால, ஒண்டும் தெரியல்ல. சனம் அழுற சத்தம்தான் கேக்குது. நசார் தேம்பித் தேம்பி அழுறான். அவனைப் பாக்க எனக்கும் அழுகை வந்திட்டுது. பகிடியெல்லாம் இப்பதான், அண்டைக்கு நாங்க மெய்யாவே மவுத்து, செத்தம் எண்டுதான் நினைச்சம்.

ஜெமீல் எங்க ரெண்டு பேர்ட கையையும் புடிச்சான். "மச்சான்மார், நேரம் வந்திட்டுது. பொருந்திக்கங்க."

எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இது தெரியும். மனுசனுக்குச் செஞ்ச பிழையை அந்த மனுசன்தான் மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளணும். அதை வாயால சொல்லிக் கேக்காம மவுத்தாகப்படாது. ஜெமீலே தொடங்கினான்.

"நசார், உன்ட கலியாணத்துக்கு முந்தி பொண்ணு வீட்டார் வந்து உன்னப் பத்தி என்னட்டக் கேட்டாங்க. சாதுவான பொடியன், கோவமே வராது எண்டு பொய் சொன்னன். பொருந்திக்க. உன்ட பொண்டாட்டியையும் பொருந்திக்கச் சொல்லு."

"பொருந்திட்டன்" எண்டான் நசார் அழுதுகொண்டு.

அடுத்தது என்ட முறை. எனக்கு அடக்க ஏலல்ல.

"நசார், நான் குக் இல்லடா! அஞ்சு வருசமும் சட்டிதான் கழுவினன்! சமைக்கத் தெரியாதுடா எனக்கு! ஊர்ல நிக்கிற ஆசையில உன்னை ஏமாத்தப் பாத்தன். பொருந்திக்கடா! இனிமே சத்தியமாப் பொய் சொல்லமாட்டன்!"

நசார் என்னைக் கட்டிப் புடிச்சான். "பொருந்திட்டன் மச்சான். நீயும் என்னைப் பொருந்திக்க. நானும் பொய்தான் சொன்னன். கடைக்கு ஒரு மாசத்துக்கு முந்தியே குக்கு எடுத்திட்டன்."

"என்ன?"

"ஊர் முழுக்க நீ குக்கு எண்டு சொல்லித் திரியிறாய். உன்னட்ட ஒரு வார்த்தை கேக்காட்டிக் கோவிப்பாய் எண்டுதான் ஒரு பேச்சுக்குக் கேட்டன். நீ உடனே ஓம் எண்டுட்டாய். தின்னுட்டு, ஏதாவது குறை சொல்லி உடுவம் எண்டு இருந்தன்."

எனக்கு அழுகை நிண்டுட்டுது. மவுத்துக்கு முன்னால நிண்டாலும் ஒரு மனுசனுக்குக் கோவம் வரும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன். பொருந்திட்டன் எண்டு சொல்ல வாயைத் திறக்கிறன்.

கீழ வாசல்ல ஒரு சத்தம்.

"ஆருடா என்ட பசுவுக்கு நெருப்பை வைச்சவன்?"

எல்லாரும் எட்டிப் பாத்தம். அலியார் காக்கா. கையில கயிறு, கயித்துல பசு. பசு நாக்கை வெளிய தொங்கப் போட்டபடி நிக்குது. கொம்புல வெள்ளித்தாள் துண்டொண்டு வெயிலுக்கு மின்னுது.

"கடல் வருதாம் காக்கா!" எண்டு மேலயிருந்து ஆரோ கத்தினான்.

"என்ன கடல்? கடல் இருந்த இடத்துலதான் இருக்கு! என்ட மாடு நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடினது, நான் மாட்டுக்குப் பின்னால ஓடினன், நீங்க ஏண்டா எனக்குப் பின்னால ஓடி வந்தீங்க?"

அழுதுகொண்டு நிண்ட பொண்டுகள் முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க.

எனக்குப் பக்கத்துல இருந்த ராத்தா மெதுவாத் துவாயை விலக்கினா. கிழிஞ்ச வெள்ளித்தாள். அதுக்குள்ள சீனிப்பாகு மினுங்குற மக்ரோனி. ஒரு மூலையில பசு நாக்குப் பட்ட பள்ளம்.

"அல்லாஹ்வே! மக்ரோனிக்கா நான் யாசீன் ஓதினன்!"

அதுக்குப் பொறகு நடந்ததை முழுசா எழுத ஏலாது. செருப்பைத் துலைச்சவங்க, வாங்கின கடலையைத் துலைச்சவங்க, மாமியாருக்கிட்டப் பொருத்தம் கேட்டுத் தேவையில்லாததெல்லாம் ஒப்புவிச்ச மருமகள் ஒருத்தி, எல்லாரும் என்னைச் சுத்தி. அந்த மருமகள்தான் கூடக் கத்தினது. நியாயமான கோவம்தான். எங்களைப் போலவே ஊர்ல பாதிப் பேர் அந்தக் கால் மணித்தியாலத்துக்குள்ள ஒப்புவிச்சு முடிச்சிட்டாங்க!

அலியார் காக்கா படியேறி வந்து என்ட சேட்டைப் புடிச்சார். "உள்ளுக்குள்ள என்ன இறைச்சி போட்டாய்?"

பசு கீழ நிண்டு என்னையே பாக்குது.

"கோழி காக்கா" எண்டன்.

நல்லவேளை, மதரசா மௌலவி இடையில வந்தார். பொறுமையான மனுசன். "எல்லாரும் ஹயாத்தோட, உசிரோட இருக்கம். அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்றதை உட்டுட்டுச் சண்டை புடிக்கிறீங்க. தம்பி, அந்தச் சாப்பாட்டை நார்சாவா எல்லாருக்கும் குடு."

நார்சா எண்டா விளங்கும்தானே. கந்தூரி, மௌலூது முடிஞ்சு சனத்துக்குப் பங்கு வைக்கிற சாப்பாடு. நார்சாவை ஒருத்தரும் வேணாம் எண்டமாட்டாங்க, குறையும் சொல்லமாட்டாங்க. எனக்கு அப்பதான் மூச்சு வந்திச்சு.

கரண்டி இல்ல. கத்தி இல்ல. மௌலவி தன்ட அடிமட்டத்தைக் கழுவித் தந்தார். தொதல் வெட்டுற மாதிரிக் கோடு போட்டு, ஒரு ஆளுக்குத் தீப்பெட்டி அளவுல வெட்டிக் குடுத்தன். சனம் வரிசையில வந்து பிஸ்மி சொல்லி வாங்கித் திண்டாங்க. ஒருத்தர் வாயில போட்டிட்டு யோசிச்சார். "பலகாரமா, கறியா?" எண்டு மற்றவரைக் கேட்டார். மற்றவர் "நார்சா" எண்டார். அதோட கதை முடிஞ்சிது.

யாசீன் ஓதின ராத்தா மட்டும் ரெண்டு துண்டு கேட்டு வாங்கினா. நான் மறுக்கல்ல. அவ்வளவு ஓதியிருக்கா.

கடைசியா மிஞ்சினது பசு நக்கின மூலை. மௌலவி சொன்னார், "மாடு வாய் வைச்சா அசுத்தமில்ல. மனம் உள்ளவங்க தின்னலாம்." ஒருத்தருக்கும் மனம் வரல்ல. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் திண்டன்.

மெய்யைச் சொல்றன், உப்பே இல்ல.

நசார் தன்ட துண்டை வாயில போட்டு, கண்ணை மூடி, கன நேரம் மென்றான். "மச்சான், நீ சட்டிதான் கழுவினாய் எண்டு சத்தியம் பண்ணவே தேவல்ல" எண்டான்.

எனக்குக் கோவமும் வரல்ல. எல்லாம் முடிஞ்சிது எண்டு வெறும் ட்ரேயைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு படியிறங்கினன். பேக் எந்த அலுமாரிக்குப் பின்னால கிடக்கு எண்டு யோசிச்சுக்கொண்டே இறங்கினன்.

நசார் பின்னால வந்தான். "நில்லு. ஒண்டு கேக்கணும். அஞ்சு வருசமா நான் சாவி போட்டு வைச்ச மோட்டச் சைக்கிளை நான் அங்கயே உட்டுட்டு ஓடினன். ஜெமீல் தொப்பியை உட்டுட்டு ஓடினான். நீ எப்பிடிடா அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு, அவ்வளவு சனத்துக்குள்ள, ஒரு மக்ரோனியும் கீழ உழாம ஓடினாய்?"

"தெரியாதுடா."

"எனக்குச் சமைக்க ஆள் இருக்கு. பரிமாற ஆள் இல்ல. போன கிழமை வைச்ச பொடியன் மூண்டு நாள்ல ரெண்டு பிரியாணிச் சஹன் தட்டைக் கவிழ்த்திட்டான். வாறியா?"

ஓம் எண்டு தலையை ஆட்டினன். ரோட்டுல நிண்டு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அலியார் காக்காட பசு மறுகாவும் ஓடப் பாத்திச்சு. காக்கா கயித்தை இறுக்கிப் புடிச்சிட்டார்.

வீட்டுக்கு வந்து ஹசீனாக்கிட்ட எல்லாத்தையும் சொன்னன். சட்டி கழுவினதையும்தான். அவ தாராக்குஞ்சுத் துவாயை விரிச்சுப் பாத்தா. நடுவுல பெரிய எண்ணெய்க் கறை.

"எனக்கு முதல்லயே தெரியும்" எண்டா. "வந்த அண்டைக்கே ஒங்கட விரலைப் பாத்தன். சவுக்காரம் திண்ட விரல். சமைக்கிறவன்ட கையில ஒரு சூட்டுக் காயமாவது இருக்கும்."

"அப்ப ஏன் புள்ள ஒண்டும் சொல்லல்ல?"

"நீங்க சந்தோசமாச் சொல்லிக்கொண்டு இருந்தீங்க."

பொறகு போய் நானே துவாயைக் கழுவினன். அந்த வேலையில எனக்கு அனுபவம் இருந்திச்சு. கறை முழுசாப் போகல்ல. ரெண்டு மாசத்தால பொறந்த மகளை அதுலதான் சுத்தி என்ட கையில தந்தாங்க.

கத்தாருக்கு நான் திரும்பிப் போகல்ல. நசார்ட கடையில இண்டைக்கும் நான்தான் பரிமாறுறன். சம்பளம் நல்லம், மரியாதை நல்லம், ஒரேயொரு கண்டிசன்தான்: குசினிக் கதவுக்கு அங்கால நான் காலெடுத்து வைக்கப்படாது.